டான்சில் எடுத்த ஐந்தாம் நாள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் தேவகோட்டைப் பக்கம். என் மகனுக்கு ஆறு வயது, எடை 18 கிலோ. மதுரையில் டான்சிலும் அடினாய்டும் எடுத்தார்கள். மூன்றாம் நாள் ஓரளவு விளையாடினான். ஐந்தாம் நாள் காலையிலிருந்து இட்லியைக்கூடத் தொடவில்லை. காது வலிக்கிறது என்று ஒருமுறை சொன்னான். தொண்டை வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டுகிறான். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கிறது. ‘வலி இருந்தால் கொடுங்கள்’ என்று பாராசிட்டமால் எழுதித் தந்தார்கள். அவன்தான் வலி இல்லை என்கிறானே என்று இரவில் மட்டும், வீட்டில் இருந்த பாப்பாவின் காய்ச்சல் சிரப்பை 5 மில்லி கொடுக்கிறேன். “அடிக்கடி கொடுக்காதே, கிட்னி போய்விடும், மருந்து பழகிவிடும்” என்கிறார் அவனுடைய அப்பத்தா. அடுத்த மாதம் ஒன்றரை வயது மகளுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை இருக்கிறது. பேசத் தெரிந்த பிள்ளையின் வலியையே கண்டுபிடிக்க முடியவில்லை. பேசாத பிள்ளைக்கு என்ன செய்வேன்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அவசரமாகச் செய்ய வேண்டியதை அன்றே தொலைபேசியில் பேசிவிட்டோம். பையன் இந்நேரம் தங்கையோடு சண்டை போடும் அளவுக்குத் தேறியிருப்பான். இங்கே எழுதுவது பாப்பாவுக்காகவும், மதுரையிலோ திருச்சியிலோ அறுவை முடித்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பும் மற்ற வீடுகளுக்காகவும்.

நான் மயக்க மருத்துவர். அறுவை அரங்கில் பிள்ளைக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே அவன் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மீதிப் பத்து நாளும் அவன் உங்கள் வீட்டில்தான் இருக்கிறான். அந்தப் பத்து நாளுக்கு ‘வலி இருந்தால் கொடுங்கள்’ என்று ஒரே வரியில் எழுதித் தருவது போதாது என்பது என் கருத்து. டான்சில் எடுத்த பிள்ளைக்கு வலி இருக்கிறதா என்று முதல் வாரம் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை, இருக்கும். கேட்டுக் கொடுக்கிற மருந்து அல்ல அது, மணி பார்த்துக் கொடுக்கிற மருந்து.

ஐந்தாம் நாள் என்ன நடந்தது என்று சொல்கிறேன். டான்சிலை எடுத்த இடத்தைப் பெரும்பாலும் தையல் போட்டு மூடுவதில்லை. திறந்த புண்ணாகவே விட்டு ஆற விடுகிறோம். ஓரிரு நாளில் அதன்மேல் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு படலம் படியும். நீங்கள் பார்த்தது அதைத்தான். சீழ் இல்லை; துணியைச் சுற்றித் துடைக்கவும் கூடாது. ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் அந்தப் படலம் உரியத் தொடங்கும். அடியில் இருக்கும் பச்சைப் புண்ணில் எச்சில் பட்டாலே எரியும். மூன்றாம் நாள் விளையாடிய பிள்ளை ஐந்தாம் நாள் சுருண்டு படுப்பது இதனால்தான். பெற்றோர் பயந்துபோவதும் மருந்தை நிறுத்துவதும் சரியாக அதே நாட்களில் நடக்கிறது என்பதுதான் வேடிக்கை.

காது வலி என்று அவன் சொன்னதும் தொண்டை வலிதான். தொண்டைக்கும் நடுக்காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. தொண்டையில் பட்ட வலியை மூளை காதில் உணர்கிறது. காதில் எண்ணெய் காய்ச்சி விட வேண்டாம். தொண்டைக்கு ‘இல்லை’ என்று தலையாட்டிய அதே பிள்ளை, காது வழியாக உண்மையைச் சொல்லிவிட்டான் பாருங்கள்.

ஏன் இல்லை என்கிறான்? ஆறு வயதுப் பிள்ளைக்கு நாம் நினைப்பதைவிடக் கணக்குத் தெரியும். வலிக்கிறது என்றால் ஊசி போடுவார்கள், மறுபடி மதுரைக்குத் தூக்கிப் போவார்கள், கசப்பாக ஏதாவது ஊற்றுவார்கள். இதற்கு மேல், பார்க்க வருகிறவர்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து உட்கார்ந்து, “சிங்கக்குட்டி! அழவே இல்லையாமே!” என்று ஆளுக்கொரு தடவை மெச்சிவிட்டுப் போனால், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எப்படி அழுவான்? வருகிறவர்களை நான்கைந்து நாள் வீட்டு முகப்போடு அனுப்பிவையுங்கள். கோபித்துக்கொண்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

ஆகவே வாயைக் கேட்பதை விட்டுவிட்டு நடப்பைப் பாருங்கள். இதற்கென்றே பெற்றோருக்காகக் கனடாவில் 1996இல் ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கினார்கள். மொத்தம் பதினைந்து கேள்விகள். பெரும்பாலானவை ‘வழக்கத்தைவிட’ என்று கேட்பவை. வழக்கத்தைவிடக் குறைவாக விளையாடுகிறானா, குறைவாகச் சாப்பிடுகிறானா, சாப்பாட்டையே ஒதுக்குகிறானா, சிணுங்கல் கூடியிருக்கிறதா, பேச்சு குறைந்திருக்கிறதா, உங்களை விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கிறானா, வலிக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறானா, முனகுகிறானா, முகம் சிவந்திருக்கிறதா என்று போகும். பதினைந்தில் ஆறுக்கு ‘ஆம்’ என்று வந்தால், கவனிக்க வேண்டிய அளவுக்கு வலி இருக்கிறது என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி கடைசியில் வரும்: எப்போதும் மருந்துக்கு ஓடி ஒளிகிற பிள்ளை, இன்று மறுக்காமல் குடிக்கிறானா? ஒரு தாயால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற கேள்வி அது. எந்த மருத்துவருக்கும் உங்கள் பிள்ளையின் வழக்கம் தெரியாது.

டான்சிலுக்கு மட்டும் நான் இன்னும் இரண்டைச் சேர்ப்பேன். காலையில் தலையணை உறையைத் தொட்டுப் பாருங்கள். கன்னம் பட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரமாக இருந்தால், எச்சிலை விழுங்கப் பயந்து இரவெல்லாம் வழிய விட்டிருக்கிறான். இன்னொன்று, தண்ணீர் கொடுத்து முதல் மிடறை விழுங்கும்போது அவன் தொண்டையைப் பார்க்காதீர்கள். கண்ணையும் தோளையும் பாருங்கள். கண்ணை இறுக மூடி, தோளைத் தூக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து விழுங்கினால் அதற்கு மேல் கேள்வியே வேண்டாம்.

அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் புளியங்கொட்டையில் நான்கை எடுத்து அவன் முன்னால் வையுங்கள். “இது ஒன்று என்றால் கொஞ்சூண்டு வலி. நாலும் என்றால் ரொம்ப ரொம்ப வலி. உன் தொண்டையில் இப்போது எத்தனை இருக்கிறது, எடுத்துக் கொடு” என்று சொல்லுங்கள். மேல்நாட்டு மருத்துவமனைகளில் சீட்டாட்டத்துக்கு வைக்கும் நான்கு சிவப்பு வில்லைகளைக் கொண்டு இப்படிக் கேட்கும் முறை 1970களிலிருந்தே இருக்கிறது. வில்லைக்குப் பதிலாக நம் ஊரில் புளியங்கொட்டை. மருந்துக்கு முன்னால் ஒருமுறை, கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை கேளுங்கள். மூன்று கொட்டை ஒன்றாகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது. எடுத்துக் கொடுத்ததும் “அவ்வளவு இருக்காதே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த தடவை ஒன்றுகூடக் கொடுக்க மாட்டான்.

இப்போது மருந்து. இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பாராசிட்டமாலை வயதை வைத்து அல்ல, எடையை வைத்துக் கொடுக்கிறோம்: ஒரு வேளைக்கு, ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 18 கிலோ பிள்ளைக்கு 180 முதல் 270 வரை. கடையில் கிடைக்கும் சிரப்பில் ஒரு வகை 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம். இன்னொரு வகை 5 மில்லியில் 250. இரண்டு பாட்டிலும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், எழுத்தோ எறும்பு அளவு. பாப்பாவின் சிரப் 125 வகை என்று தொலைபேசியில் படித்துக் காட்டினீர்கள். அதில் 5 மில்லி அவனுக்குப் பாதி அளவுதான். அதுவும் ஒரு நாளைக்கு ஒருமுறை. கிடைக்க வேண்டியதில் எட்டில் ஒரு பங்குதான் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் நடப்பது அளவு கூடுவது அல்ல, இப்படிக் குறைவதுதான்.

ஆனால் கூடிப்போகும் இடமும் ஒன்று இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப் என்று நினைத்து அதில் 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும். சளிக்கென்று விற்கும் பல கூட்டு சிரப்புகளிலும் பாராசிட்டமால் சேர்ந்தே இருக்கிறது. இதையும் அதையும் சேர்த்துக் கொடுத்தால் கணக்கு இரட்டிக்கும். அளவு மீறினால் கெடுவது கல்லீரல். ஆகவே இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம், ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் இல்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் தப்பே வராது. சாப்பாட்டுக் கரண்டியால் அளக்காதீர்கள். ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றை மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

இரவில் அவன் தூங்கினால் விட்டுவிடலாமா? முதல் மூன்று நான்கு நாட்களும், படலம் உரியும் நாட்களும் எழுப்பிக் கொடுப்பதே நல்லது என்பேன். இரவெல்லாம் மருந்து இல்லாமல், வாயால் மூச்சுவிட்டுத் தொண்டை காய்ந்துபோய் எழுகிற பிள்ளைக்குக் காலைதான் நரகம். அப்போது கொடுக்கிற மருந்து இறங்கி வேலை செய்ய அரை மணி, முக்கால் மணி ஆகும். அதற்குள் அவன் காலைச் சாப்பாட்டை மறுத்திருப்பான், நீங்கள் அதட்டியிருப்பீர்கள். பகலிலும் அப்படித்தான்: முதலில் மருந்து, முக்கால் மணி கழித்துச் சாப்பாடு.

பாராசிட்டமால் மட்டும் போதாமல் போகலாம். இபுப்ரோஃபென் சேர்த்துக் கொடுக்கும் முறை உண்டு, நன்றாகவே கேட்கும். இரத்தக் கசிவைக் கருதி அதைத் தவிர்க்கும் அறுவை மருத்துவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மருத்துவர் எழுதினால் மட்டும் கொடுங்கள். வாந்தி, நீர் வற்றல், டெங்கு சந்தேகம் இருக்கும்போது கொடுக்கவே கூடாது. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டாம். நிமெசுலைடு 12 வயதுக்குக் கீழ் கூடாதென்று இந்திய அரசு 2011லேயே தடை செய்துவிட்டது. பழைய பாட்டில் அலமாரியில் இருந்தால் கொட்டிவிடுங்கள். வீட்டில் மிச்சம் இருக்கும் இருமல் சிரப்பில் கோடீன் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில பிள்ளைகளின் உடலில் கோடீன் மிக வேகமாக மார்ஃபினாக மாறி மூச்சையே அடக்கிவிடும். டான்சில் எடுத்த பிள்ளைகள் இப்படி இறந்த பிறகுதான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013இல் கடும் எச்சரிக்கை விட்டது. 2017இல் 12 வயதுக்குக் கீழ் கோடீனும், டிரமடால் என்ற வலி மருந்தும் கூடாது என்றே சொல்லிவிட்டது.

அப்பத்தாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூட்டு வலிக்கென்று சீட்டு இல்லாமல் வருடக்கணக்கில் மாத்திரை வாங்கித் தின்று சிறுநீரகம் கெட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர் பார்த்திருப்பார். அவருடைய பயம் அங்கிருந்து வருகிறது. அது வேறு மருந்து, வேறு அளவு, வேறு கால நீளம். பத்து நாள், எடைக்கேற்ற அளவில் கொடுக்கும் பாராசிட்டமால் ஆரோக்கியமான பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்காது. போதைபோலப் பழகவும் பழகாது. தண்ணீர் குடிக்காமல் கிடப்பதுதான் சிறுநீரகத்துக்குக் கேடு, அவன் குடிக்காமல் கிடப்பதோ வலியால். இதை அவரிடம் நீங்கள் வாதாட வேண்டாம், ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் தாளில் ஒவ்வொரு வேளை மருந்து கொடுத்த மணியையும் அவரே குறிக்கட்டும். அளவுக்கு மேல் போகாமல் பார்ப்பதும் அவர்தான், மணி தவறாமல் பார்ப்பதும் அவர்தான். அவர் மடியும் கதையும்கூட மருந்துதான். கவனம் வேறு பக்கம் திரும்பினால் வலி குறைகிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட ஒன்று.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ஒரு வாரம் குறைவாகச் சாப்பிட்டால் இளைப்பான், பிறகு தேற்றிக்கொள்ளலாம். தண்ணீர்தான் முக்கியம். 18 கிலோ பிள்ளைக்கு நீர், இளநீர், பால், கஞ்சி எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு லிட்டருக்குக் குறையக் கூடாது. ஒன்றரை லிட்டரை நெருங்கினால் நல்லது. தம்ளரை நீட்டாமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மிடறு கொடுங்கள். பாலில் ஊறிய இடியாப்பம், பால் பணியாரம், குழைந்த சாதம் எல்லாம் இறங்கும். தேன்குழல், சீடை, முறுக்கு டப்பாவை இரண்டு வாரம் கண்ணில் படாமல் வையுங்கள். காரச் சட்னி, தக்காளி, எலுமிச்சை எரியும். மிளகு ரசம் தொண்டைக்கு நல்லதுதான், ஆனால் இந்தத் தொண்டைக்கு அல்ல. ஐஸ்கிரீம் கொடுக்கலாம், புண்ணுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ரோஸ்மில்க் மட்டும் வேண்டாம். வாந்தி எடுத்தால் அது நிறமா இரத்தமா என்று நடு இரவில் எல்லோரும் கூடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஏனென்றால் படலம் உரியும் அதே நாட்களில்தான் இரத்தம் கசியும் அபாயமும் இருக்கிறது. வாயிலோ மூக்கிலோ புது இரத்தம், காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, தூக்கத்தில் அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் உட்கார வைத்துத் துப்பச் சொல்லிவிட்டு 108ஐ அழையுங்கள். அறுவை செய்தது மதுரை என்பதற்காக அவ்வளவு தூரம் காரில் ஓட வேண்டாம். காரைக்குடியோ சிவகங்கையோ, எது பக்கமோ அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு முதலில் போங்கள். எட்டு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தாலும், காய்ச்சல் 102ஐத் தாண்டினாலும், மூச்சுவிடத் திணறினாலும் காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் கல்யாணம், படைப்பு என்று தூரத்து ஊருக்குக் கூட்டிப் போகவும் வேண்டாம்.

இனி பாப்பா. சின்னக் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று யாராவது சொல்வார்கள். மருத்துவ உலகமே 1980கள் வரை ஏறத்தாழ அப்படித்தான் நம்பியது. பச்சிளம் குழந்தைகளுக்கு அரைகுறை மயக்கத்தில் அறுவை செய்தார்கள். இந்தியாவிலிருந்து ஆக்ஸ்போர்டு போன டாக்டர் ஆனந்தும் அவருடன் இருந்தவர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. குறைமாதக் குழந்தைகளுக்கு இதய அறுவையின்போது முறையான வலி மருந்து கொடுத்தபோது, உடல் பதறுவதும் பிறகு வரும் சிக்கல்களும் குறைந்தன என்று அவர்கள் காட்டினார்கள்.

ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் ஐந்து இடங்களைப் பாருங்கள்: முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறாளா என்பது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மதிப்பெண் போட்டு, பத்துக்கு எத்தனை என்று கூட்டுவோம். அமெரிக்காவின் மிச்சிகனில் 1997இல் வந்த முறை, இன்று நாங்களும் இதைத்தான் வைத்துக்கொள்கிறோம். சாதாரண முகம் பூஜ்யம், அவ்வப்போது சுளித்தால் ஒன்று, தாடை நடுங்கப் பல்லைக் கடித்தால் இரண்டு. கால் தளர்ந்திருந்தால் பூஜ்யம், வயிற்றோடு மடக்கிக்கொண்டாலோ உதைத்தாலோ இரண்டு. மொத்தம் நான்கைத் தொட்டால் மருந்து வேண்டும். கடைசி இடம்தான் பசியையும் பயத்தையும் வலியிலிருந்து பிரித்துக் காட்டும். தூக்கி, பால் கொடுத்து, ஆட்டியும் அடங்கவில்லை என்றால் அது வலி. மயக்கம் தெளிந்த முதல் அரை மணி நேரம் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. வலியே இல்லாமல் வெறிபிடித்தாற்போல அழும் குழந்தைகள் உண்டு, தானாக அடங்கும்.

குடலிறக்க அறுவையில் வேறொரு சூட்சுமம் இருக்கிறது. மயக்கத்தில் இருக்கும்போதே முதுகின் அடியில் ஒரு மரப்பு ஊசி போடுவது எங்கள் வழக்கம். அதனால் பிள்ளை எழுந்தவுடன் சிரிக்கும், பால் குடிக்கும். கால் சற்றுத் துவளும், பயப்பட வேண்டாம். “ஒன்றுமே தெரியவில்லை, பாருங்கள்” என்று எல்லோரும் நிம்மதியாக வீடு திரும்புவார்கள். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் அந்த மரப்பு விடும். விளக்கு வைக்கும் நேரத்தில் வீறிட்டு அழத் தொடங்கினால் அது இதுதான். ஆகவே கிளம்பும் முன் மயக்க மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: மரப்பு ஊசி போட்டீர்களா, எத்தனை மணிக்கு, ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பாராசிட்டமால் கொடுத்தது எப்போது? மரப்பு விடுவதற்கு முன்பே அடுத்த வேளை மருந்து உள்ளே போயிருக்க வேண்டும்.

பாப்பாவின் எடை 10 கிலோ என்றால் ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம்; அந்த 125 வகை சிரப்பில் 5 மில்லி அவளுக்குச் சரி. அண்ணனுக்கு வாங்கிய 250 வகைப் பாட்டிலை அவளுக்கு எடுத்துவிடாமல் இரண்டிலும் பெயரை எழுதி ஒட்டுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள். மூன்றாம் நாள் தேவையைப் பார்த்து. டயப்பரைத் தையலுக்குக் கீழே தளர்வாகக் கட்டுங்கள். இடுப்பில் தூக்கும்போது அந்தப் பக்கம் அழுந்தாமல் மாற்றிப் பிடியுங்கள். தாய்ப்பால் இன்னும் கொடுக்கிறீர்கள் என்றால் கேட்டபோதெல்லாம் கொடுங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகும் வலி கூடிக்கொண்டே போனாலோ, தையல் இடம் சிவந்து வீங்கினாலோ, வாந்தி நிற்கவில்லை என்றாலோ மருந்தின் அளவைக் கூட்டிப் பார்க்காதீர்கள். அறுவை செய்த மருத்துவரை அழையுங்கள்.